பச்சை மர மலைப்பாம்புக்குக் கூண்டு அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தில் வாழும் பாம்பை வளர்க்க விரும்புகிறவர்களில் பலர் முதலில் பாம்பை வாங்கிவிடுகிறார்கள். கூண்டைப் பற்றிய கேள்வி பிறகுதான் வருகிறது. சில ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்டு வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சென்னையில் நான் வளர்ப்பது பச்சை மர மலைப்பாம்பு என்பதால், வேறு பெயர் சொல்லாத இடங்களில் எல்லாம் அதையே குறிக்கிறேன்.

பச்சை மர மலைப்பாம்பு என்பது எது?

நியூகினித் தீவு, அதைச் சுற்றியுள்ள ஆரு, பியாக் முதலிய தீவுகள், ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள கேப் யார்க் தீபகற்பம் ஆகிய இடங்களின் மழைக்காடுகளே இதன் தாயகம். 1872இல் ஹெர்மன் ஷ்லேகல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இது நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது. வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 1.2 முதல் 1.8 மீட்டர் நீளம் இருக்கும். பகலெல்லாம் ஒரு கொம்பின் மேல் உடலைச் சேணம் போல இருபுறமும் மடித்துப் போட்டு, நடுவில் தலையை வைத்து அசையாமல் கிடக்கும். விளக்கு அணைந்த பிறகுதான் அதற்குப் பொழுது விடிகிறது.

தென் அமெரிக்காவின் எமரால்டு மர போவாவும் ஏறக்குறைய இதே நிறத்தில், இதே போலச் சுருண்டு கிடக்கும். முட்டையிடும் மலைப்பாம்புக்கும் குட்டி போடும் போவாவுக்கும் நெருங்கிய உறவு இல்லை. ஒரே வகை வாழ்க்கை இரண்டுக்கும் ஒரே உருவத்தைக் கொடுத்திருக்கிறது. ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்த போவாவுக்கும் பொருந்தும். பகலில் ஓயாமல் திரியும் மெல்லிய கொடிப் பாம்புகளுக்குப் பொருந்தாது.

நம் ஊர்ப் பச்சைப்பாம்பையோ கொம்பேறி மூக்கனையோ பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. இந்தியக் காட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இவை கூண்டில் தாங்கக்கூடியவை அல்ல. பச்சைப்பாம்பு ஓணானையும் பல்லியையும் தேடும். கொம்பேறி மூக்கன் தவளையும் பல்லியும் தின்னும். இரண்டுமே உறைய வைத்த எலியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒன்று கண்ணைக் கொத்தும் என்பதும், மற்றொன்று கடித்தபின் மரமேறிச் சுடுகாட்டுப் புகைக்காகக் காத்திருக்கும் என்பதும் நாம் அவற்றுக்குக் கட்டிவிட்ட கதைகள். கொம்பேறி மூக்கனுக்கு நஞ்சே கிடையாது. அவற்றை வேலியோரத்திலேயே விட்டுவிடுவோம்.

அயல்நாட்டுப் பாம்பு என்றால் சட்டச் சிக்கல் இல்லையா?

இருக்கிறது. மலைப்பாம்புகள் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளன. பச்சை மர மலைப்பாம்பு அதன் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியச் சட்டத்தில் இத்தகைய உயிரினங்கள் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்திருப்பவர்கள் ஒன்றிய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளம் வழியாகப் பதிவு செய்யவேண்டும் என்று 2024ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வாங்குவதோடு கடமை முடிவதில்லை. கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்கவேண்டும். சிங்கப்பூரில் இருந்து கேட்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது: அங்கே பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்கவே அனுமதியில்லை.

சட்டத்துக்கு அடுத்தபடியாக, பாம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். இந்தோனேசியாவில் ‘பண்ணையில் பிறந்தவை’ என்ற சான்றோடு ஏற்றுமதியான பச்சை மர மலைப்பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. காட்டுப் பாம்பு வயிற்றுப் புழுக்களோடும் மிரட்சியோடும் வருகிறது. எவ்வளவு நல்ல கூண்டில் வைத்தாலும் அது பல மாதம் தீவனத்தைத் தொடாமல் இருக்கலாம். எந்த வளர்ப்பாளரிடம் எந்த ஆண்டில் பொரிந்தது, என்ன தின்றது, எப்போது சட்டை உரித்தது என்று எழுதிவைத்த குறிப்பைக் கேளுங்கள். குறிப்பைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்கவேண்டாம்.

மரப் பாம்பு என்றால் உயரமான கூண்டுதானே வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அலமாரி போன்ற ஒரு கூண்டை ஏற்கெனவே மனத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பாம்பு ஏணியில் ஏறுவது போல நாள் முழுவதும் ஏறி இறங்குவதில்லை. அது விரும்புவது கிடைமட்டமான கொம்பு. குறுகிய, உயரமான பெட்டியில் அத்தகைய கொம்பை நீளமாக வைக்க வழியில்லை. அதோடு சூடான காற்று மேலே தேங்கிவிடுவதால் உச்சியில் கொதிப்பும் அடியில் குளிர்ச்சியுமாக இருக்கும். உயரத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு என்று நினைக்கும் பாம்பு, அந்தக் கொதிப்பிலேயே கிடந்து உடலைக் கெடுத்துக்கொள்ளும்.

வளர்ந்த பாம்புக்கு 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் குறைந்தபட்ச அளவு. என் கருத்தில் அது போதாது. 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. ஆழம், 60 முதல் 90 செ.மீ. உயரம் இருந்தால், ஒரே மட்டத்தில் ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் அமையும். பாம்பு உயரத்தை விட்டுக்கொடுக்காமல் வெப்பத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கூண்டைத் தரையில் வைக்காமல், மேல் கொம்பு உங்கள் கண் மட்டத்தில் வரும்படி மேசையிலோ நிலைத்தாங்கியிலோ வையுங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும் முகத்தை விட நேரே தெரியும் முகம் அதற்குக் குறைந்த அச்சத்தைத் தருகிறது.

கண்ணாடித் தொட்டி நல்லதா, பலகைக் கூண்டா?

முன்பக்கம் மட்டும் கண்ணாடியும் மற்றப் பக்கங்களில் பிவிசி பலகையும் கொண்ட கூண்டே என் தேர்வு. பிவிசி ஈரத்தில் ஊறாது, சூட்டையும் ஓரளவு காக்கும், துடைத்தால் சுத்தமாகிவிடும். மூன்று பக்கம் அடைபட்டிருப்பது பாம்புக்கு மறைவாகவும் இருக்கும். மீன் தொட்டி எல்லாப் பக்கமும் திறந்த வெளி போன்றது, அதன் வாயோ மேலே இருக்கிறது. மேலிருந்து கை இறங்குவது பாம்பின் கணக்கில் பருந்து இறங்குவதற்குச் சமம். பிளைவுட் மலிவுதான், ஆனால் அதன் ஓரங்களையும் மூலைகளையும் அடைக்காமல் விட்டால் இரண்டாவது மழைக்காலத்திலேயே உப்பிவிடும். இணைப்புகளுக்கு மீன் தொட்டிக்கு விற்கும், பூஞ்சைக்கொல்லி சேர்க்காத சிலிக்கானைப் பயன்படுத்துங்கள். புளிப்பு வாடை அறவே போன பிறகே பாம்பை உள்ளே விடவேண்டும்; எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கதவு முன்பக்கம் இருக்கட்டும். அதற்குப் பூட்டும் இருக்கட்டும். நழுவும் கண்ணாடிக் கதவுகளை இரவில் பாம்பு மூக்காலேயே தள்ளித் திறந்துவிடும்.

கொம்பை எப்படி அமைக்கவேண்டும்?

கூண்டு என்பது உண்மையில் இந்தக் கொம்புதான். சுற்றியிருக்கும் பெட்டி அதன் சுவர். பாம்பு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அதன் மேல் கழிக்கிறது. எனவே அளவையும் இடத்தையும் பார்த்துப் பார்த்து அமைக்கவேண்டும்.

தடிமன் முதலில். பாம்பின் உடலில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ அவ்வளவு தடிமனுள்ள கொம்பு முதன்மையானதாக இருக்கட்டும். அதைவிடச் சற்று மெல்லியதும் சற்றுப் பருத்ததுமாக வேறு கொம்புகளும் இருந்தால் அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். மிக மெல்லிய கொம்பில் உடல் எடை முழுவதும் ஒரு கோட்டில் அழுந்துகிறது. மிகப் பருத்ததைச் சுற்றிப் பிடிக்க முடியாமல் பாம்பு நழுவும், அல்லது ஏறாமலே விட்டுவிடும்.

அடுத்தது மட்டம். முதன்மைக் கொம்பு கிடைமட்டமாக இருக்கவேண்டும். லேசான வளைவு இருந்தால் இன்னும் நல்லது. சாய்ந்த கொம்புகள் ஏறி இறங்குவதற்கு மட்டுமே பயன்படும். மேல் கொம்புக்கும் கூரைக்கும் இடையே குறைந்தது 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் ஒரு தாழ்வான கொம்பும் கட்டாயம் வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். காட்டில் இந்தப் பாம்பு பகலில் உயரே உறங்கினாலும், இரவில் தாழ்ந்த செடிகளுக்கு இறங்கி, தலையைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு எலிக்காகக் காத்திருக்கிறது. என் வீட்டில் தாழ்வான கொம்பை வைத்த மூன்றாம் நாள் இரவு, முன்னுடல் கேள்விக்குறி போல வளைந்து, மூக்கு தரைக்கு நாலு விரற்கடை மேலே நிற்க, வால் மட்டும் கொம்பைப் பற்றியிருக்க, ஒரு மணி நேரத்துக்கும் மேல் அப்படியே இருந்தது. அங்கே எலி எதுவும் இல்லை. எப்போதாவது வரும் என்ற நம்பிக்கை அதற்கு இருந்திருக்கவேண்டும்.

மரம் எது என்று கேட்பார்கள். கொய்யாக் கொம்பு கெட்டியானது, வழவழப்பானது, இயல்பாகவே வளைந்தது. பூச்சிமருந்து படாத வீட்டுத் தோட்டத்தில் கிடைத்தால் அதற்கு மேல் வேறொன்று தேடவேண்டாம். மூங்கில் புதிதாக இருக்கும்போது வழுக்கும். மணல்தாளால் தேய்த்து, வெட்டுவாய்களை அடைத்துவிடவேண்டும். அரளி, எருக்கு முதலிய நச்சுப்பால் உள்ளவற்றின் பக்கமே போகவேண்டாம். வெட்டிய கொம்பைத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, நல்ல வெயிலில் சில நாள் உலர்த்துங்கள். அழகைப் பெரிதாக எண்ணாதவர்களுக்குச் சொரசொரப்பாகத் தேய்த்த பிவிசி குழாயும் குறைவில்லாமல் பயன்படும்.

கொம்பைச் சுவரில் நிரந்தரமாக ஆணியடிக்காமல், இரு பக்கமும் ‘ப’ வடிவத் தாங்கியில் அமர்த்தி, தூக்கி எடுக்கும்படி வைப்பதே உத்தமம். சுத்தம் செய்யும் நாளில் பாம்பைக் கொம்பிலிருந்து பிரிக்காமல், கொம்போடு சேர்த்து வெளியே எடுத்துவிடலாம். சுருண்டு பிடித்திருக்கும் பாம்பைப் பலவந்தமாக இழுத்தால் முதுகெலும்பு கெடும். குட்டிகளின் வால் எலும்பு மடங்கிவிடுவது இதனால்தான்.

எவ்வளவு வெப்பம் தேவை? எதைக் கொண்டு தருவது?

மேல் கொம்பின் சூடான முனையில், பாம்பின் முதுகு இருக்கும் இடத்தில், பகலில் 30 முதல் 31 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த முனையில் 25 அல்லது 26. இரவில் 23 அல்லது 24. காற்றின் வெப்பமும் முதுகில் படும் வெப்பமும் வேறு வேறு. துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியால் கொம்பின் மேற்பரப்பையே அளக்கவேண்டும்.

வெப்பம் மேலிருந்து வரவேண்டும். கூரையில் பொருத்தும் ஹீட் பேனலோ, கம்பிவலை உறையிட்ட செராமிக் ஹீட்டரோ பொருத்தமானது. உறையில்லாத ஹீட்டரையும் பல்பையும் பாம்பு சுற்றிக்கொள்ளும். வெந்து புண்ணான பின்னும் விலகாது. தரைக்கு அடியில் வைக்கும் ஹீட் பாயும் சூடாகும் செயற்கைக் கல்லும் தரையையே தொடாத பாம்புக்கு எதற்கு?

எதைப் பொருத்தினாலும், வைத்த அளவுக்குச் சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் வழியாகவே இணைக்கவேண்டும். அதன் சென்சாரை, அதாவது வெப்பத்தை உணரும் முனையை, எங்கே, எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. முதல் ஆண்டு நான் சென்சாரைக் கொம்பில் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். ஈரத்தில் டேப் பிசின் விட்டு, சென்சார் நேராகக் கீழே இருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்துவிட்டது. தண்ணீர் 26 டிகிரி; தெர்மோஸ்டாட்டில் நான் வைத்திருந்த அளவு 30. கூண்டு குளிர்ந்து கிடக்கிறது என்று எண்ணி அது ஹீட்டரை நிறுத்தவே இல்லை. மாலையில் வீடு திரும்பியபோது கொம்பின் மேற்பரப்பு 41 டிகிரியைக் காட்டியது. தரையை மிதித்தே பார்த்திராத பாம்பு கிண்ணத்தைச் சுற்றி வளைந்து கிடந்தது. அன்று அது பிழைத்ததற்குக் காரணம், கூண்டு நீளமாக இருந்ததும் மறு கோடியில் காற்றுத் துளை இருந்ததும்தான். இப்போது சென்சாரைக் கேபிள் டையால் கட்டுகிறேன். 33 டிகிரியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றையும் தொடரில் இணைத்திருக்கிறேன். டேப்பைக் கூண்டுக்குள் எதற்கும் பயன்படுத்துவதில்லை; பாம்பின் தோலில் ஒட்டினால் செதிலோடுதான் வரும்.

சென்னை வெயிலில் ஹீட்டரே தேவையா?

ஆண்டில் பல மாதம் தேவையில்லை. அயல்நாட்டுக் கையேடுகள் குளிர் நாட்டவருக்காக எழுதப்பட்டவை; அங்கே அறை 18 அல்லது 20 டிகிரியில் இருக்கிறது, அதைச் சூடாக்குவதே கவலை. இங்கே மே மாதத்தில் அறையே 34, 35 டிகிரியைத் தொடுகிறது. 32 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருப்பதும், அதிலிருந்து ஒதுங்க இடமில்லாமல் போவதும் இந்தப் பாம்புக்கு ஆபத்து. கூண்டைச் சூடாக்கும் கருவி எங்கும் விற்கிறது. குளிர வைக்கும் கருவி கிடையாது. அறையைத்தான் குளிர வைக்கவேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏசியை 26 அல்லது 27 டிகிரியில் வைத்து, கூண்டின் ஒரு முனையை மட்டும் ஹீட்டரால் 30 டிகிரிக்கு ஏற்றுவதுதான் நான் கண்ட வழி. ஏசி வைக்க வசதியில்லாத மொட்டைமாடி அறையில் இந்தப் பாம்பை வளர்க்க எண்ணுகிறவர்களிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்கு அந்தக் கையேடுகள் அப்படியே பொருந்தும்.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். சமவெளியில் சில மணி நேரக் குளிர்ச்சியால் எதுவும் ஆகாது. கோடை நண்பகலில் ஏசி நின்றால்தான் அவசரம். துணி சுற்றிய ஐஸ் புட்டிகளைக் கூண்டின் கூரை வலையின் மேல் வைத்துச் சமாளிக்கலாம்; உள்ளே வைக்கக்கூடாது.

ஈரப்பதம் எவ்வளவு வேண்டும்? எந்நேரமும் நனைந்திருக்கவேண்டுமா?

மழைக்காட்டுப் பாம்பு என்றதும் கூண்டை நனைந்த துணி போல வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மழைக்காட்டில் மழை பெய்கிறது, பிறகு காற்று வீசி இலைகள் காய்கின்றன. அந்தக் காய்தலைக் கூண்டில் நாம் மறந்துவிடுகிறோம். ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் சுவாசத் தொற்று வரும், வயிற்றுச் செதில்களில் கொப்புளம் கிளம்பும். மாலையில் தண்ணீர் தெளித்ததும் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு ஏறி, மறுநாள் நண்பகலுக்குள் 50 அல்லது 55 விழுக்காட்டுக்கு இறங்கவேண்டும். இரவு ஏறியது பகலில் இறங்காமல் நின்றால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

காற்றோட்டத்துக்கு முன்பக்கத்தின் கீழே ஒரு வரிசைத் துளையும், பின்பக்கத்தின் மேலே ஒரு வரிசைத் துளையும் போதும். சூடான காற்று மேலே வெளியேற, கீழே புதிய காற்று தானாக உள்ளே இழுபடும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் காற்று அசையாது. மேற்கூரை முழுவதும் வலையாக இருந்தால், தெளித்த ஈரம் ஒரு மணி நேரத்தில் போய்விடும். முக்கால் பாகத்தை ஓர் அக்ரிலிக் தகட்டால் மூடிவிடுங்கள்.

பருவத்தையும் கவனிக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னைக் காற்றே 85 விழுக்காடு ஈரத்தோடு இருக்கிறது. அந்த வாரங்களில் தெளிப்பானை அலமாரியில் வைத்துவிட்டு, சிறிய கணினி விசிறி ஒன்றைக் கூரைத் துளையில் ஓடவிடுகிறேன். ஏசி ஓடும் கோடையிலோ அறைக் காற்று வறண்டுவிடுவதால் காலையிலும் மாலையிலும் தெளிக்கவேண்டியிருக்கிறது. பாம்பு சட்டை உரிக்கும் முன் கண் பால் போல மங்கும். அந்த நாட்களில் ஒரு முறை கூடுதலாகத் தெளித்தால் சட்டை முழு உறையாகக் கழலும். துண்டு துண்டாகக் கிழிந்து வந்தால் கூண்டு வறண்டிருக்கிறது.

தெளிக்க ஆர்ஓ தண்ணீரோ ஆறிய காய்ச்சிய நீரோ நல்லது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் கண்ணாடியிலும் இலைகளிலும் வெள்ளைப் படலம் விடுகிறது. அது சுரண்டினாலும் போவதில்லை.

விளக்கு தேவையா? புற ஊதாக் கதிர்?

12 மணி நேரப் பகலும் 12 மணி நேர இருளும் தரும் சாதாரண எல்இடி விளக்கு கட்டாயம். புற ஊதா இல்லாமல் இந்தப் பாம்புகள் பல தலைமுறைகளாக வளர்ந்து இனப்பெருக்கமும் செய்திருக்கின்றன. ஆனாலும் பகலில் இலைகளுக்கிடையே வெளிச்சத்தில் கிடக்கும் உயிர் என்பதால், நிழல் வாழ் விலங்குகளுக்கென விற்கும் மென்மையான புற ஊதாக் குழல் விளக்கைப் பொருத்துவது இன்று பரவி வருகிறது. பொருத்தினால் கொம்பின் ஒரு பகுதியாவது இலை நிழலில் இருக்கவேண்டும். இரவுக்கென்று விற்கப்படும் சிவப்பு, நீல பல்புகளை வாங்கவேண்டாம். இரவு இருட்டாகவே இருக்கட்டும்.

தரையில் எதைப் போடுவது? செடி வைக்கலாமா?

புதிதாக வந்த பாம்புக்கு முதல் 90 நாட்கள் வெறும் செய்தித்தாள். எச்சம், உண்ணி, இரத்தக் கசிவு எல்லாம் தாளில் அப்பட்டமாகத் தெரியும். மலைப்பாம்புகளில், அதிலும் பச்சை மர மலைப்பாம்புகளில், நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ் என்ற தொற்று இருப்பதால், வீட்டில் வேறு பாம்பு இருந்தால் இந்த 90 நாட்களும் தனி அறை, தனி இடுக்கி, தனித் தெளிப்பான்.

அதன் பிறகு தென்னை நார்த்தூளும் உலர்ந்த இலைச்சருகும் கலந்து 5 செ.மீ. தடிமனுக்குப் பரப்பலாம். கோகோபீட் என்று விற்கும் நார்த்தூள் கட்டியை ஊற வைத்த பின், கையால் இறுக்கிப் பிழிந்தால் சொட்டாத பதத்தில் இருக்கவேண்டும். சிலர் அதில் ஸ்பிரிங்டெயில் எனப்படும் நுண்பூச்சிகளையும் மரவட்டைப் பூச்சி போன்ற ஐசோபாடுகளையும் விட்டு, எச்சத்தை அவையே தின்று தீர்க்கும்படி செய்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாம்பின் எச்சத்தைக் கண்டால் எடுத்துவிடும் வழக்கத்தை அதற்காகக் கைவிடவேண்டாம்.

செடிகளில் மணி பிளான்ட் எதையும் தாங்கும். நர்சரியில் ஸ்நேக் பிளான்ட் என்று விற்கும் மருள் வகைகளும் தாங்கும், பெயரும் பொருந்துகிறது. இரண்டையும் தொட்டியோடு வையுங்கள். பாம்பு சாய்த்துவிட்டால் மாற்ற எளிது. இலைகள் மேல் கொம்பின் ஒரு பாதியை மறைக்கும்படி அமையவேண்டும். தரையில் வைக்கும் மறைவுப் பெட்டி இந்தப் பாம்புக்குப் பயன்படாது. அதன் மறைவிடம் இலைதான். உயிர்ச்செடி பராமரிக்க நேரமில்லாதவர்கள் பிளாஸ்டிக் இலைகளை வைக்கலாம்.

தண்ணீர்க் கிண்ணம் எங்கே?

தரையில் ஒன்று, சுவரில் கொம்பு மட்டத்தில் ஒன்று. பல பாம்புகள் கிண்ணத்தை ஏறிட்டும் பார்க்காமல், தன் உடல் மடிப்புகளில் தேங்கும் தெளித்த நீரையே நக்கிக் குடிக்கும். நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். ஹீட்டருக்கு நேர் கீழே கிண்ணத்தை வைக்கவேண்டாம்.

ஒரே கூண்டில் இரண்டு பாம்புகள்?

வேண்டாம்.

குட்டிக்கும் இதே கூண்டா?

பொரிந்த குட்டி மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ இருக்கும். பச்சையாக மாற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். பென்சில் தடிமனுள்ள அந்த உயிரை 120 செ.மீ. கூண்டில் விட்டால் தீவனத்தைக் காணாமலே கிடக்கும். மேலும் தினமும் கவனிக்கவேண்டிய குட்டியை நாமும் தேடிக்கொண்டிருப்போம். 30 செ.மீ. கனசதுரமான பெட்டியில், பென்சிலை விடச் சற்று மெல்லிய கொம்புகளை ஏணி போல மூன்று மட்டத்தில் வைத்து, தரையில் ஈரத் தாள் விரித்துவிட்டால் போதும். குட்டிக்கு உச்ச வெப்பம் 29, 30 டிகிரியைத் தாண்டவேண்டாம். சிறிய பெட்டி நினைத்ததை விட வேகமாகச் சூடேறிவிடும். முதல் ஆண்டில் கையில் எடுத்து விளையாடாதீர்கள்.

தீவனத்தைக் கூண்டுக்குள்ளேயே தரலாமா?

அங்கேதான் தரவேண்டும். இரவில், விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, உறைநிலையிலிருந்து எடுத்து வெதுவெதுப்பாக்கிய எலியை 40 செ.மீ. நீள இடுக்கியில் பிடித்துக் கொம்பின் அருகே காட்டுங்கள். உதட்டிலுள்ள குழிகளால் வெப்பத்தை உணரும் பாம்பு, எலியின் சூட்டுக்கும் உங்கள் கையின் சூட்டுக்கும் வேறுபாடு பார்க்காது. இதன் முன்பற்கள் நீளமானவை. நஞ்சில்லை என்றாலும் கடி மறக்காது. கதவைத் திறந்ததும் தீவனம் என்று அது பழகிவிடாமலிருக்க, சுத்தம் செய்யும் நாட்களில் முதலில் ஒரு நீண்ட குச்சியால் உடலை மெல்லத் தொட்டு உணர்த்துகிறேன்.

வளர்ந்த பாம்புக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, உடலின் பருமனைத் தாண்டாத ஓர் எலி போதும். அசையாமல் கிடக்கும் இந்தப் பாம்பு எளிதில் கொழுத்துவிடும். எச்சம் கழிக்கவும் பல வாரம் எடுத்துக்கொள்ளும். அதிகத் தீவனமும் நீர்க்குறைவும் சேர்ந்தால் குடல் வெளித்தள்ளும் அபாயம் உண்டு. கூண்டை மறுசீரமைப்பது, கொம்பை மாற்றுவது போன்ற வேலைகளைத் தீவனம் தந்த நாளிலோ அடுத்த இரண்டு நாட்களிலோ செய்யக்கூடாது.

கூண்டு தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாம்பு வருவதற்கு முன் இரண்டு வாரமாவது கூண்டைக் காலியாக ஓடவிட்டு, காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் இரு முனைகளின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வெயில் நாளும் ஒரு மழை நாளும் அதில் வந்திருந்தால் நல்லது. ஏழு நாட்கள் தொடர்ந்து எண்கள் சொன்ன எல்லைக்குள் நின்றால் பாம்பைக் கொண்டுவரலாம்.

வந்த பிறகு எண்களை விடப் பாம்பையே பாருங்கள். எந்நேரமும் ஹீட்டருக்கு நேர் கீழேயே கிடந்தால் கூண்டு குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த கோடியையோ தரையையோ விட்டு நகராவிட்டால் சூடு மிகுதி. பகலில் கண்ணாடியோரம் அலைந்தால் மறைவு போதவில்லை, அல்லது இனப்பெருக்கப் பருவத்து ஆண் பாம்பாக இருக்கலாம். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி தெரிந்தாலோ கொம்பை மாற்றிக்கொண்டிருக்காமல், ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோகவேண்டும்.

முதல் இரண்டு வாரம் தீவனம் தராமல், கதவைத் தண்ணீர் மாற்ற மட்டும் திறங்கள். பகலில் இலை நிழலில் சுருண்டும், இரவில் தாழ்வான கொம்பில் தலை தொங்கியும் அதைக் கண்டால், முதல் எலியை வெதுவெதுப்பாக்கத் தொடங்கலாம்.